கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்

2019 பிப்ரவரி கடைசியில் கேப் டவுனில் நடந்த டிசைன் இண்டாபா என்ற வடிவமைப்பு மாநாட்டுக்கு என்னை அனுப்பியது எங்கள் முதலாளிதான். பெருந்தன்மை என்று சொல்ல முடியாது. அவரே போவதாக இருந்தது; மகள் கல்யாண வேலை குறுக்கே வந்துவிட்டது; கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது. "நீ போய்ட்டு வா. வந்து ரெண்டு நாள் கதை அளக்காம வேலையைப் பாரு" என்றார். டர்பனில் லேபிள், அட்டைப்பெட்டி, கல்யாணப் பத்திரிகை, கோயில் சுவரொட்டி எல்லாம் அடிக்கும் சின்ன அச்சகம் எங்களுடையது. மசாலாப் பொட்டலத்து மிளகாயை இன்னும் கொஞ்சம் சிவப்பாக்குவதுதான் பெரும்பாலும் என் 'கலை'.

விமானம் ஏறும்போது மனசு சரியில்லை. ஒரு மாதம் முன்னால் தைப்பூசக் காவடிக்கு ஒரு சுவரொட்டி அடித்திருந்தோம். மேலே பெரிய தமிழ் எழுத்தில் கோயில் பெயர், கீழே ஆங்கிலத்தில் மற்ற விவரங்கள். என் கணினியில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அவசரத்தில் எழுத்தைக் கர்வ் ஆக்காமல், அதாவது மாறாத கோட்டுப் படமாக மாற்றாமல், ஃபைலை அனுப்பிவிட்டேன். பிளேட் எடுக்கும் அறையில் இருந்த பழைய மென்பொருளுக்கு உயிர்மெய்யைச் சேர்க்கத் தெரியாது. 'கோயில்' என்ற சொல்லில் இரட்டைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய், ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றது. கால் அதற்கும் அந்தப் பக்கம். 500 பிரதி. நான் பார்க்கும்போது விளக்குக் கம்பங்களில் ஒட்டி முடித்திருந்தார்கள்.

ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் இந்தியக் கூலியாட்களின் முதல் கூட்டம் டர்பனில் வந்து இறங்கி, கரும்புத் தோட்டத்தில் தொடங்கிய வாழ்க்கை இது. இன்று ஐந்தாம், ஆறாம் தலைமுறை. வீட்டில் ஆங்கிலம்தான். தேவாரம் பாடுவார்கள், ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு. நானாகவே போய்த் தப்பை ஒப்புக்கொண்டபோது கோயில் கமிட்டிப் பெரியவர் சிரித்தார். "விடு தம்பி, யாரு படிக்கப் போறா? தமிழ் மாதிரி இருந்தா போதும்." மறுபடி அடிக்கச் சொல்லவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததுதான் பிறகு பல நாள் உறுத்தியது.

சரி, மாநாட்டுக்கு வருகிறேன். ஆர்ட்ஸ்கேப் அரங்கம், கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் நிற்கிறது. 1971இல் திறந்தபோது வெள்ளையர் மட்டும் உட்காரலாம். 1975இல்தான் மற்றவர்களுக்கும் கதவு திறந்தது. இந்த மாநாட்டை 1995இல் தொடங்கியவர் ரவி நாயுடு. டர்பனில் தெருவுக்குப் பத்து நாயுடு உண்டு. அந்தப் பெயர் இந்த அரங்கத்தில் முதல் பெயராக ஒலிப்பதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தது, அவருக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாவிட்டாலும். இண்டாபா என்பது ஜூலு சொல். ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு காரியத்தைப் பேசித் தீர்ப்பது. நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், மரத்தடிக்குப் பதில் குளிர்சாதனம்.

மேடையில் வந்தவர்களில் பாதிப் பேர், என் கணக்கில், தங்கள் கம்பெனி விளம்பரத்தைத்தான் படம் போட்டுக் காட்டினார்கள். உலகத்தை மாற்றுவேன் என்று சொல்லிவிட்டு ஒரு நாற்காலியைக் காட்டுவார்கள்; அதன் விலைக்கு எங்கள் அச்சகத்தில் மூன்று பேருக்குச் சம்பளம் போடலாம். முதல் நாள் மத்தியானம் எனக்குத் தூக்கம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுப்பி உட்கார வைத்தது படித்து முடித்த இளைஞர்களின் பெச்சா குச்சா. தோக்கியோவில் 2003இல் பிறந்த முறை இது: 20 படம், படத்துக்கு 20 வினாடி, மொத்தம் 6 நிமிடம் 40 வினாடி. படம் தானாக நகர்ந்துவிடும், பேச்சாளருக்காகக் காத்திருக்காது. நம் பட்டிமன்றக்காரர்களுக்குத் தொண்டையைச் செருமவே அது போதாது. அதில் ஒரு ஜூலு பெண் வந்தாள். பாட்டி கோத்த மணிச்சரத்தைப் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினாள். ஜூலு பெண்கள் மணியின் நிறத்தில் காதல் கடிதமே அனுப்புவார்கள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பதில் சேதி இருக்கும். இவள் அந்த வடிவத்தை ஒரு துணியில் அச்சடித்து, படிப்பில் நல்ல மதிப்பெண் வாங்கி, பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினாளாம். பாட்டி துணியை விரித்துப் பார்த்துவிட்டு, "இதில் ஒன்றுமே எழுதவில்லையே" என்றாளாம். அழகுக்காக இவள் இரண்டு நிறங்களை இடம் மாற்றியிருந்தாள். அரங்கம் சிரித்தது. அடுத்த படம் தானாக வந்துவிட்டது. எனக்கு மட்டும் அந்தப் புள்ளி வட்டம் கண் முன்னால் வந்து நின்றது.

இரண்டாம் நாள் சாப்பாட்டு வேளையில் வெளியே நடந்தேன். கேப் டவுனின் தென்கிழக்குக் காற்று ஆளைத் தள்ளுகிறது. அரங்கத்துக்கு அருகில் ஒரு மேம்பாலம் பாதியில் வெட்டுப்பட்டு அந்தரத்தில் நிற்கிறது. 1970களில் நின்ற வேலை, யாரும் முடிக்கவில்லை. வடிவமைப்பு மாநாட்டுக்குப் பொருத்தமான பக்கத்து வீடு. செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்துக்குப் பக்கத்தில், பேராயர் டூட்டுவுக்காக 2017இல் வைத்த மர வளைவைப் பார்க்கத்தான் போனேன். இதுவும் டிசைன் இண்டாபா முன்னின்று செய்ததுதான். வளைந்த 14 மர விட்டங்கள், அரசியல் சட்டத்தின் 14 அத்தியாயங்களுக்கு ஒவ்வொன்று. வேலி கிடையாது, கட்டணம் கிடையாது. பள்ளிச் சீருடையில் ஒரு பெண் விட்டத்தில் சாய்ந்துகொண்டு சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். அந்தச் சட்டத்தின் முதல் அத்தியாயத்தில், மதிக்கப்பட வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழும் பெயர் சொல்லி இருக்கிறது. ஆக, ஏதோ ஒரு விட்டத்தில் நமக்கும் பங்கு உண்டு. அடுத்ததாகத் தெலுங்கின் பெயர் வருகிறது, ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாறி, 'தெலெகு' என்று. அரசியல் சட்டத்திலேயே புரூஃப் விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குக் கிடைத்த ஆறுதல் கொஞ்ச நேரம்தான் நின்றது.

காரணம், அன்று சாயங்காலம் காப்பி வரிசையில் என் முன்னால் நின்றவர். பிரிட்டோரியாக்காரர். அரசாங்கப் பலகைகளும் படிவங்களும் வடிவமைத்தே தலை நரைத்தவர். என்னைப் போலவே அன்றாடக் கூலி வேலை, அதனால் பேச்சு ஒட்டிக்கொண்டது. நாட்டுச் சின்னத்தைப் பற்றிப் புலம்பினார். 2000 ஏப்ரல் 27இல் வந்த அந்தச் சின்னத்தின் அடியில் இருக்கும் வாசகம், இந்த நாட்டுப் பழங்குடியினர் ஒரு காலத்தில் பேசிய ஸாம் மொழியில் உள்ளது. 'வேறுபட்ட மக்கள் ஒன்றுசேர்கிறார்கள்' என்று பொருள். அந்த மொழியை இன்று தாய்மொழியாகப் பேச ஒருவர்கூட இல்லை. ப்ளீக், லாயிட் என்ற இருவர் 1870களில் கேட்டு எழுதிவைத்த நோட்டுப் புத்தகங்கள் வழியாகத்தான் அது நமக்குத் தெரிகிறது. நாக்கைச் சொடுக்கும் ஒலிகளுக்கு நேர்கோடும் இரட்டைக்கோடும் ஆச்சரியக்குறியும் போட்டு எழுதுவார்கள். சின்ன அளவில் அச்சடித்தால் அந்தக் கோடுகள் மறைந்துவிடும். ஒருமுறை இரட்டைக்கோட்டில் ஒன்று விழாமல் போக, மொத்தப் படிவத்தையும் மறுபடி அடித்தாராம்.

"யாராவது கண்டுபிடித்துச் சொன்னார்களா?" என்று கேட்டேன்.

"யார் சொல்வது? பேசுபவர்கள்தான் இல்லையே. அதனால்தான் நான் பார்க்க வேண்டியிருந்தது" என்றார். அவருடைய காப்பி வந்துவிட்டது, போய்விட்டார்.

மூன்றாம் நாள் பேச்சுகளைப் பற்றி என் குறிப்பேட்டில் அதிகம் இல்லை. திரும்பி வந்ததும் முதலாளி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: சாப்பாடு எப்படி? நன்றாக இருந்தது, காரம் பத்தவில்லை என்றேன்.

அடுத்து வந்தது தீமிதிச் சுவரொட்டி. டர்பனில் புனித வெள்ளியன்று பூ மிதிக்கும் கோயில்கள் உண்டு. இந்த முறை எழுத்தைக் கர்வ் ஆக்கி, பிளேட் அறையில் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அப்புறம், வழக்கத்துக்கு மாறாக, புரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் கையில் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலையில் கோயிலுக்கே போனேன். கமிட்டிப் பெரியவர் வழக்கம்போலப் பார்க்காமலே தலையாட்டினார். மடப்பள்ளி வாசலில் ஓர் ஆயா பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"இது என்னாப்பா?"

"தீ, ஆயா. இது மி. இது தி. தீமிதி."

ஈர விரலை 'தீ'யின் மேல் வைத்து, சுழி எங்கே போகிறதோ அங்கெல்லாம் மெதுவாகப் போனார். கறுப்பு மை லேசாகக் கலைந்தது.

"என் பேருக்கு முதல் எழுத்து இதுல இருக்கா?"

பேரைக் கேட்டேன். 'செ'வில் தொடங்குகிற பேர். "இதுல இல்லை ஆயா" என்றேன்.

"அப்போ எழுது."

சுவரொட்டியின் ஓரத்தில் பென்சிலால் ஒற்றைக்கொம்பு போட்டு, சகரம் போட்டுக் கொடுத்தேன். அவர் அந்த ஓரத்தைப் பதமாகக் கிழித்து, நாலாக மடித்து, பர்ஸில் வைத்துக்கொண்டு பீன்ஸுக்குத் திரும்பிவிட்டார். நான் அச்சகத்துக்குப் போய் வேறு புரூஃப் எடுத்தேன்.