கமிகட்சுவின் குப்பைப் பெட்டிகளுக்கு நடுவே ஜப்பானிய மொழி

சென்னையில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் என்4 நிலை வரை (என்5 தொடக்க நிலை, என்1 உச்ச நிலை) படித்துவிட்டு ஒசாகாவில் ஒரு மொழிப்பள்ளியில் சேர்ந்தேன். அங்கே படித்துக்கொண்டிருந்தபோது, விடுமுறைக் காலத்தில் ஷிகோகு தீவின் மலைக்குள் இருக்கும் கமிகட்சு என்ற சிற்றூரில் போய்த் தங்கினேன். மொழியையும் அந்த மக்களின் வாழ்க்கையையும் சூழல் பாதுகாப்பையும் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கத்தான் திட்டம். கமிகட்சுவில் அவை ஒரே பாடமாகிவிட்டன. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஆனால் போக நினைப்பவர்களுக்கு அதற்கு முந்தைய படிகளும் தெரிய வேண்டும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மொழிப்பள்ளிகளில் ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி என்று ஆண்டுக்கு நான்கு சேர்க்கைகள் உண்டு. எல்லாப் பள்ளியும் நான்கு முறையும் ஆள் எடுப்பதில்லை. ஏப்ரலும் அக்டோபரும்தான் பெரிய சேர்க்கை. அரை வருடம் முன்பே விண்ணப்ப வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். நமக்காக ஜப்பான் குடிவரவுத் துறையிடம் தகுதிச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிப்பது பள்ளிதான். அதற்கு என்5 தேர்ச்சியோ, 150 மணி நேரம் மொழி படித்ததற்கான சான்றோ கேட்பார்கள். செலவை ஏற்கும் அப்பா அம்மாவின் வங்கிக் கணக்கு, வருமானச் சான்று, ஏன் படிக்க வருகிறோம் என்ற கடிதம் எல்லாம் போக வேண்டும். கடிதத்தை மட்டும் யாரிடமும் எழுதி வாங்காதீர்கள். பள்ளி நேர்காணலில் அதிலிருந்துதான் கேள்வி வரும். முகவர் வழியாகப் போகத்தான் வேண்டும் என்றும் இல்லை. பல பள்ளிகள் நேரடியாக அனுப்பும் மின்னஞ்சலுக்குப் பொறுமையாகப் பதில் எழுதுகின்றன. சான்றிதழ் கைக்கு வந்துவிட்டால் விசா பெரிய சிரமம் இல்லை. ஆனால் அதில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜப்பானில் இறங்கிவிட வேண்டும்.

ஒசாகாவுக்கான கன்சாய் விமான நிலையத்திலேயே வசிப்பிட அட்டை தந்துவிடுகிறார்கள். பகுதிநேர வேலைக்கான அனுமதியையும் அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள். வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வரம்பு. வீடு கிடைத்த 14 நாளுக்குள் வட்டார அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். தேசிய சுகாதாரக் காப்பீட்டையும் அதே நாளில் முடித்துவிடலாம். மருத்துவரிடம் போனால் செலவில் 30 சதவீதம் மட்டும் நம் பொறுப்பு.

சரி, மொழிக்கு வருகிறேன். தமிழ் பேசுகிறவருக்கு ஜப்பானிய இலக்கணம் பயமுறுத்தும் விஷயமே இல்லை. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். 'போகிறேன் என்று சொன்னார்' என்பதில் 'என்று' எங்கே நிற்கிறதோ, அங்கேயே அவர்களுடைய 'தோ' நிற்கும். கொண்டு வா, எழுதி வை, சாப்பிட்டுப் பார் என்று நாம் வினையோடு வினை சேர்ப்பதை அவர்களும் அப்படியே செய்கிறார்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டும் உறவு மொழிகள் என்றே வாதிட்டார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், நமக்கு லாபம்தான். ஆங்கிலம் வழியாக விளக்கும் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஜப்பானிய வாக்கியத்தை நேரே தமிழில் போட்டுப் பார்த்தால் பாதி இலக்கணம் தானாகப் புரியும். நம்மை மடக்குவது சீனத்திலிருந்து வந்த 'காஞ்சி' எழுத்துகள்தான். அதற்குக் குறுக்குவழி கிடையாது. தினமும் எழுதியே ஆக வேண்டும்.

பள்ளி நன்றாகவே இருந்தது. வகுப்பில் நேபாளம், வியட்நாம், சீனா என்று பல நாட்டுப் பிள்ளைகள். எங்களுக்குப் பொதுவாக ஜப்பானிய மொழி மட்டுமே இருந்ததால் சண்டை, சமாதானம், சமையல் எல்லாம் அதில்தான் நடந்தது. ஆனால் வகுப்புக்கு வெளியே பேச்சு நகரவே இல்லை. கடைக்காரர் கேட்பது பை வேண்டுமா, சூடாக்கித் தரவா என்ற இரண்டே கேள்விகள்தான். அண்டை வீட்டார் தலை குனிந்து வணங்கிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். என்4, என்3 என்று எழுதும் அந்தத் தேர்விலும் பேசவோ எழுதவோ பகுதி கிடையாது. படித்தும் கேட்டும் விடையைக் குறித்தால் போதும். ஒசாகா மாதிரி ஊரில் வாயே திறக்காமல் வருடக்கணக்கில் வாழ்ந்துவிட முடியும். மொழி படிக்க வந்த பலருக்கு இதுதான் நடக்கிறது.

சூழல் விஷயத்திலும் அப்படித்தான். ஜப்பான் என்றாலே சுத்தம் என்று நம் மனதில் பதிந்திருக்கிறது. தெரு சுத்தம்தான். ஆனால் அரிசி உருண்டைக்கு ஒரு உறை, வாழைப்பழத்துக்கு ஒரு உறை, பிஸ்கட் பொட்டலத்துக்குள் ஒவ்வொரு பிஸ்கட்டுக்கும் தனி உறை. 2020 ஜூலையில் கடைப் பைகளுக்குக் காசு வாங்க ஆரம்பித்தார்கள் என்றாலும் உறைகள் போகவில்லை. நாட்டின் வீட்டுக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போவது சுமார் 20 சதவீதம்தான், பெரும்பகுதி எரிஉலைக்குப் போகிறது. இதைப் படித்தபோதுதான் கமிகட்சு கண்ணில் பட்டது. அங்கே இதே கணக்கு தலைகீழ். சுமார் 80 சதவீதம் மறுசுழற்சி.

ஒசாகாவிலிருந்து பேருந்து அகாஷி பாலத்தைக் கடந்து, அவாஜி தீவு வழியாகத் தொகுஷிமா நகருக்குப் போகிறது. அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் மலையேறினால் கமிகட்சு. மக்கள்தொகை சுமார் 1,400. பாதிக்கு மேல் முதியவர்கள். வெளியூர்க்காரர்களைத் தங்கவைத்து ஊரைப் பழக்கும் ஓர் ஏற்பாட்டின் வழியாகப் போனேன். ஒரு வயதான தம்பதியின் வீட்டில் எனக்கு இடம் கிடைத்தது.

இந்த ஊரில் குப்பை வண்டி கிடையாது. அவரவர் குப்பையை அவரவரே ஊர்ப் பொது மையத்துக்குக் கொண்டுபோய் நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரித்துப் போட வேண்டும். கார் ஓட்ட முடியாத முதியவர்களுக்கு மட்டும் வீட்டுக்கு வந்து எடுத்துப்போகும் உதவி உண்டு. சமையலறைக் கழிவு மையத்துக்கு வருவதே இல்லை, வீட்டிலேயே உரமாகிறது. முன்பு இங்கேயும் எரிஉலைகள் இருந்தன. குப்பை எரியும்போது வரும் டயாக்ஸின் நச்சுக்கு எதிரான சட்டம் வந்தபோது அவை தரத்துக்கு ஒத்துவராமல் மூடப்பட்டன. புதிய உலை கட்ட ஊரில் பணம் இல்லை. அதனால்தான் பிரிக்க ஆரம்பித்தார்கள். 2003-இல் குப்பையே இல்லாத ஊராவோம் என்று ஜப்பானில் முதல் ஊராக அறிவித்தார்கள். பெரிய தத்துவம் எதுவும் முதலில் இல்லை, வேறு வழி இல்லாமல் தொடங்கியது என்று ஊர்க்காரர்களே சொல்கிறார்கள். எனக்கு அந்த ஊர்மேல் மதிப்பு கூடியதே அந்தப் பேச்சால்தான்.

மையத்துக் கட்டடம் 2020-இல் திறந்தது. மேலிருந்து பார்த்தால் கேள்விக்குறி வடிவம். ஊர் வீடுகளிலிருந்து வந்த பழைய ஜன்னல்களை வைத்தே சுவர் எழுப்பியிருக்கிறார்கள், ஒன்று போல் ஒன்று இல்லை. உள்ளே ஒவ்வொரு பெட்டியின் மேலும் பலகை. இந்தப் பொருள் எங்கே போகிறது, என்னவாக மாறுகிறது, கிலோவுக்கு ஊருக்கு எத்தனை யென் வரவு அல்லது செலவு என்று எழுதியிருக்கும். அலுமினியத்துக்கு வரவு, மண்ணில் புதைக்க வேண்டியதற்குச் செலவு. பலகையை வாசித்தே காஞ்சி கற்றுக்கொள்ளலாம். நான் அப்படித்தான் கற்றேன். பால் அட்டைப்பெட்டியின் உட்புறம் வெள்ளையாக இருந்தால் ஒரு பெட்டி, வெள்ளி நிறத்தில் மினுங்கினால் வேறு பெட்டி. கண்ணாடிப் புட்டியில் நிறமற்றது, பழுப்பு, மற்ற நிறங்கள் என்று தனித்தனி.

முதல் முறை போனபோது என் கையில் ஊரிலிருந்து கொண்டுவந்த மாவடு புட்டி இருந்தது, காலியானது. அங்கே வேலை பார்க்கும் அம்மா அதை வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்தார். "இது என்ன?" என்றார். பிஞ்சு மாங்காய், உப்பு போட்டுச் சுருங்க வைப்பது என்று எனக்குத் தெரிந்த சொற்களை வைத்துச் சொன்னேன். "எத்தனை நாள் ஊறும்? வெயிலில் வைப்பீர்களா?" என்று அடுத்தடுத்துக் கேள்வி. அவர்கள் வீட்டில் ஜூன் மாதம் 'உமே' என்ற ஜப்பானியப் பிளம் காய்களை உப்பில் போட்டு, ஜூலைக் கடைசியில் மழை விட்டதும் வெயிலில் காயவைப்பார்களாம். நாங்கள் காயவைப்பதில்லை, உப்புத் தண்ணீரிலேயே கிடக்கும் என்றேன். அதற்கு நடுவிலேயே புட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தோம். உலோக மூடி ஓரிடம், உரித்த காகிதச் சீட்டு ஓரிடம், மூடிக்கடியில் இருந்த பிளாஸ்டிக் தக்கை ஓரிடம், நிறமற்ற கண்ணாடி ஓரிடம். கழுவு, உரி, கழற்று, நசுக்கு, கட்டு என்று வகுப்பில் பட்டியலாக மனப்பாடம் செய்த வினைகள் எல்லாம் அங்கே கைவேலையாக வந்தன. அதன் பிறகு அவற்றை நான் மறக்கவே இல்லை.

ஒசாகாவில் கிடைக்காதது இதுதான். இங்கே கேட்காமல் ஒரு பொருளைக்கூடத் தூக்கிப் போட முடியாது. கேட்டால் பதில் வரும், பதிலோடு கதை வரும். எந்த வகையிலும் சேராத செருப்பு, ரப்பர், டயப்பர் போன்றவற்றுக்கு 'எப்படியும் எரித்தே ஆக வேண்டியவை' என்ற பொருளில் ஒரு பலகை இருக்கிறது. அதன் முன் நின்று, இவற்றைத் தயாரிக்கும் கம்பெனிகள் வேறு மாதிரி செய்தால்தானே இந்தப் பெட்டி காலியாகும் என்று ஒரு பெரியவர் என்னிடம் நெடுநேரம் பேசினார். நான் ஜப்பானிய மொழியில் ஒருவரோடு வாதாடியது அதுதான் முதல் தடவை.

பேச்சு வழக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்து மக்கள் பேசும் மொழியும் வகுப்பு மொழியும் ஒன்றில்லை. 'அதனால்' என்பதற்கு வகுப்பில் 'தகரா', இங்கே 'ஹொனகேன்'. முதல் வாரம் நான் தங்கியிருந்த வீட்டுத் தாத்தா பேசியதில் பாதி பிடிபடவில்லை. பாட்டிதான் எனக்காக மெதுவான ஜப்பானிய மொழியில் மறுபடி சொல்வார். சாப்பாட்டில் சைவக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூப், குழம்பு எல்லாவற்றிலும் மீன் சாறு இருக்கும். சொன்னால் கடற்பாசியிலும் காளானிலும் சாறு எடுத்துத் தருகிறார்கள்.

மையத்தை ஒட்டி 'குருகுரு' என்ற அறை இருக்கிறது. இன்னும் பயன்படும் பாத்திரம், துணி, பொம்மையை ஊர்க்காரர்கள் கொண்டுவந்து வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப்போகலாம். எடுத்ததன் எடையை நோட்டில் எழுத வேண்டும். நான் எடுத்த இரண்டு பீங்கான் கிண்ணங்களை எடை போட்டு எழுதியபோது, முந்தைய வரிகளில் இருந்த பெயர்களில் பாதியை அடையாளம் கண்டேன். ஊரோடு பழகிவிட்டேன் என்று அப்போது தோன்றியது.

குப்பை மட்டும் பார்த்துவிட்டு ஊரைப் புரிந்துகொண்டேன் என்று சொல்ல முடியாது. 1981 பிப்ரவரியில் வந்த கடுங்குளிரில் இங்கே ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போயின. பிழைப்பு போனது. விவசாயக் கூட்டுறவில் வேலை பார்த்த யோகோஇஷி தொமோஜி, உணவகங்களில் தட்டை அலங்கரிக்க வைக்கும் இலைகளை மலையிலிருந்து பறித்து விற்கலாம் என்று 1986-இல் தொடங்கினார். மேப்பிள் இலை, சீமைப் பனிச்சை இலை, பூங்கொத்து என்று இன்று 300 வகைக்கு மேல். பறிப்பவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள். காலையில் கணினியில் ஆர்டர் பார்த்து, எனக்கு இத்தனை பெட்டி என்று பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறார்கள். நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டியும் அதில் ஒருவர். அளவு, நிறம், வளைவு ஒத்துப்போகிற இலைகளை அவர் விரல் பொறுக்கும் வேகத்துக்கு என்னால் கடைசிவரை ஈடுகொடுக்க முடியவில்லை. தன் காசில் பேரனுக்குப் படிப்புச் செலவு செய்ததை அவர் சொன்ன தொனியில் எவ்வளவு நிமிர்வு! இப்படி உழைக்கிற ஊரில் இளைஞர்கள் தங்காமல் குறைந்துகொண்டே போவது எனக்கு வருத்தம்தான். குப்பையை இத்தனை வகையாகப் பிரிக்கவும் நாளை கைகள் வேண்டுமே.

கோடையில் போனால் 'அவா பன்ச்சா' என்ற இந்தப் பக்கத்துப் புளித்த தேநீர் செய்வதில் கை வைக்கலாம். ஜூலை வெயிலில் முற்றிய தேயிலையை உருவி, வேகவைத்து, கசக்கி, பீப்பாயில் அடைத்து மேலே கல் வைத்துவிடுவார்கள். சில வாரம் புளித்ததும் எடுத்துப் பாயில் காயவைப்பது. நீராகாரம் மாதிரி மெல்லிய புளிப்பு, கசப்பே இல்லை. காயவைக்கும் நாளில் பக்கத்து வீட்டாரெல்லாம் கூடுவார்கள். அன்று கேட்ட பேச்சை ஒரு மாத வகுப்பில்கூடக் கேட்க முடியாது.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். என்4 அளவாவது இல்லாமல் கமிகட்சுவுக்குப் போகாதீர்கள். சிரித்துத் தலையாட்டிவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். ஆகஸ்ட் நடுவில் தொகுஷிமாவில் அவா ஒதோரி நடனத் திருவிழா, அப்போது பேருந்தும் தங்குமிடமும் கிடைப்பது கஷ்டம். ஊருக்குள் பேருந்து மிகக் குறைவு. நம் ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி ஜப்பானில் ஓராண்டு வரை செல்லும் என்பதால், கிளம்பும் முன்பே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் வண்டி இடது பக்கம்தான்.