ஒர்க்கிங் மெமரி மாடல்: வைவாவுல நான் முழிச்ச முழி

எம்.எஸ்சி ப்ராஜெக்டுக்கு மூளை சர்க்யூட் மாடலிங் எடுக்கப்போற தம்பி தங்கச்சிகளுக்காக எழுதுதேன். பாளையங்கோட்டைல ஒரு மொட்டமாடி ரூம்ல உக்காந்து நாலு மாசம் பிரையன் 2-ங்கிற நியூரான் சிமுலேஷன் சாஃப்ட்வேர்ல ஒர்க்கிங் மெமரிக்கு, அதாவது பாத்தத கொஞ்ச நேரம் மனசுல பிடிச்சு வைக்கதுக்கு, கோட் அடிச்சேன், கிராஃப் எல்லாம் அம்சமா வந்துச்சு, வைவாவுல ஒரே கேள்வி, "நியூரானோட டைம் கான்ஸ்டன்ட் 20 மில்லிசெகண்டுங்கிற, பெறவு எப்படிப்பா 3 செகண்டு ஞாபகம் நிக்கு?" ஆனித் திருவிழால தொலைஞ்ச புள்ள மாதிரி நின்னேன்.

பேனா எடுத்தா அரைப் பக்கத்துல முடியுற விஷயம். டைம் கான்ஸ்டன்ட்னா சிக்னல் எவ்வளவு சீக்கிரம் அடங்குதுங்கிற அளவு. தனி நியூரான்னா 100 மில்லிசெகண்டுல சிக்னல் 1 சதவீதம் கூட மிஞ்சாது. அதே இது, அவுட்புட் சுத்தி தனக்கே திரும்பி வந்தா, அந்த இணைப்போட பலத்துக்குப் பேரு வெயிட், ஒண்ணுல இருந்து அந்த வெயிட்ட கழிச்சு அதால 20-ஐ வகுங்க, அதுதான் புது டைம் கான்ஸ்டன்ட். வெயிட் 0.9 போட்டா 200 மில்லிசெகண்டு, 0.99 போட்டா 2000, 1.01 போட்டியளோ சோலி முடிஞ்சுது, சிக்னல் அடங்காம ஏறிக்கிட்டே போகும். மூளை இவ்வளவு நுணுக்கமாவா வெயிட் வச்சிருக்கும்னு அடுத்து கேப்பாங்க, அதுக்குத்தான் இன்புட்டுக்கு எவ்வளவு அவுட்புட்னு காட்டுற, எஸ் மாதிரி வளையுற கர்வ், சிக்னல் மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு இடத்துல தானா நிக்கும், கூட நியூரான்ல சிக்னல வாங்குற என்எம்டிஏ ரிசப்டர் வேற மெதுவாத்தான் அடங்கும். 1971-லயே ஃபூஸ்டர்ங்கிற ஆராய்ச்சியாளர் குரங்குல பாத்திருக்காரு, காட்டுனத மறைச்ச பெறவும் ப்ரீஃப்ரன்டல் (மூளையோட முன்பக்கம்) செல்லு ஃபயர் ஆகிக்கிட்டேதான் இருந்திருக்கு.

ஆக்‌ஷன் செலக்‌ஷன்ல அதாவது பல செயல்ல மூளை எதத் தேர்ந்தெடுக்கும்ங்கிற மாடல்ல, நான் பண்ணுன கூத்து தனி. எதுக்கு இன்புட் கம்மியோ அந்த ஆக்‌ஷனே ஜெயிச்சுது! ரெண்டு நாள் தூக்கமில்ல, பாத்தா பாலிடம்ங்கிற மூளைப் பகுதில இருந்து தாலமஸ்ங்கிற பகுதிக்குப் போற இணைப்புக்கு, தடுக்குதுன்னு காட்டுற மைனஸ் குறிய போட மறந்திருக்கேன். எங்க ஊரு குளத்து மடைய நெனச்சுக்கிடுங்க, பாலிடம் எப்பவும் பலகைய அமுக்கிப் பிடிச்சிருக்கும், ஸ்ட்ரயேட்டம்ங்கிற இன்னொரு பகுதி அந்தக் கையத் தட்டி விட்டாத்தான் தண்ணி பாயும். தடுக்கவனத் தடுக்கது, மைனஸ மைனஸால பெருக்கினா ப்ளஸ், அவ்வளவுதான்.

அதனால மொதல்ல ஒரு நியூரான், பெறவு ரெண்டு, அதுக்கு மேலதான் நெட்வொர்க். ஓரைலி, ஃபிராங்க்ங்கிற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2006-ல போட்ட மாடல கடைசியா படிங்க, மெமரிக்குள்ள எத விடணும்ங்கிறதுக்கும் இதே மடைதான்னு அதுல வரும்.

ரெண்டாந்தடவ வைவாவுல, மூளைல சேதி கடத்துற டோபமைன் கொறஞ்சா என்னாகும்னு கேட்டாங்க. ஸ்ட்ரயேட்டத்துல மடையத் தெறக்க வைக்க டி1 ரிசப்டர் பக்கம் தளரும், மூட வைக்க டி2 ரிசப்டர் பக்கம் ஓங்கும், பலக இறுகிரும், பார்கின்சன்ல கை கால் கெளம்ப மாட்டேங்குதுல்லா அதுன்னேன். "சரி, போய் டீ குடி"ன்னுட்டாங்க.