குனியலாம், ஆயா

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் எனக்கு முதுகுவலியைவிடப் பெரிய தலைவலி ஸ்கேன் ரிப்போர்ட்தான். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கவரை நீட்டிவிடுவார்கள். "டிஸ்க் தேஞ்சி போச்சாம் தம்பி. இனிமே குனியவே கூடாதாம்." இப்படிச் சொல்கிறவர்களில் பலர் டர்பன் ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் மெஷின் முன்னால் ஆயுசைக் கழித்த ஆயாக்கள். பேரப்பிள்ளைகளோடு ஆங்கிலம்தான், வலியைச் சொல்லும்போது தமிழ் வந்துவிடும்.

தேய்மானம் பொய்யில்லை. ஆனால் வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வொன்றில், 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. முதுமை தலைமுடிக்கு மட்டுமா வரும்? சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லை, உட்காரும் இடம் மரத்துப்போகிறது, காலில் பலம் குறைந்துகொண்டே வருகிறது என்றால் கதை வேறு. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன். அப்படி எதுவும் இல்லாமல் 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியில், ரிப்போர்ட் உண்டாக்கிய பயத்தைக் கலைப்பதிலேயே பாதி நேரம் போய்விடும்.

ஓர் ஆயாவுக்கு ஒரே கவலை: ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சி ஊற்ற வேண்டும். கீழே விழுந்த கைக்குட்டையை எடுக்கச் சொன்னேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேசையைப் பற்றி, இடுப்பு பெல்ட்டுக்குள் முதுகை விறைப்பாக வைத்தபடி முழங்காலை மட்டும் மடக்கி இறங்கினார். நாள் முழுக்க இப்படி இறுக்கிப் பிடித்தால் எந்தத் தசைதான் வலிக்காது?

முதலில் நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சை விட்டபடி தொடையிலிருந்து கணுக்கால்வரை கைகளை நழுவவிடும் பயிற்சி. பிறகு அதையே நின்றபடி. அப்புறம் ஸ்டூல்மேல் காலி வாளி, அதில் கொஞ்சம் தண்ணீர், கடைசியாக வாளி தரைக்கு வந்தது. லேசாக வலிக்கலாம், மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் போதும். பெல்ட்டைக் கழற்றத்தான் மன்றாட வேண்டியிருந்தது. நாள்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் பயிற்சியைச் சிபாரிசு செய்கிறது. பெல்ட்டும் இழுவை சிகிச்சையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. ஆயாவுக்கோ தைலம் போட்டு அமுக்கிவிட்டால்தான் வைத்தியம். அமுக்கியும் விடுவேன். அந்தச் சுகம் சாயங்காலம்வரை தாங்கும், அவ்வளவுதான்.

காம்ரேட்ஸ் மாரத்தான் நெருங்கினால் நேர் எதிரான ஆட்கள் வருவார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு இறங்கும் வருடங்களில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஃபீல்ட்ஸ் ஹில் போன்ற இறக்கங்களில் ஒவ்வோர் அடிக்கும் தொடைத்தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது; அதில்தான் நுண்ணிய சேதம். அந்த வலி இரண்டு மூன்று நாளில் தணியத் தொடங்கும். கெண்டைக்கால் தசை கிழிவது அப்படியல்ல. "பின்னாலேருந்து யாரோ கல்லால அடிச்ச மாதிரி இருந்தது" என்பார்கள். முதல் சில நாள் அடக்கி வைத்து, பிறகு இரண்டு காலிலும் குதிகால் தூக்கல், அப்புறம் ஒற்றைக் காலில், வேக நடை, மெதுவோட்டம் என்று பாரத்தை ஏற்ற வேண்டும். வலி போனதுமே தசை தேறிவிட்டது என்று நினைப்பதுதான் இவர்களோடு பெரிய ரோதனை. அதே இடத்தில் மறுபடி கிழித்துக்கொண்டு வருவார்கள்.

ஒருநாள் ஆயாவும் அப்படிப்பட்ட ஒரு பையனும் ஒரே நேரத்துக்கு வந்திருந்தார்கள். குதிகால் தூக்கலோடு நிறுத்தச் சொல்லியிருந்தேன். நான் திரும்பிய நேரம் பார்த்து அவன் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தான். ஆயா குனிந்து வாளியைத் தூக்கியபடியே அதட்டினார்: "டேய், தம்பி சொன்னதைக் கேக்கமாட்டியா? சும்மா நில்லுடா!"

அவனுக்குத் தமிழ் தெரியாது. நின்றுவிட்டான்.