ஜி.என்.எம். முடித்தேன், 23 வார்டு நாள் பாக்கியோடு

ஜி.என்.எம். என்பது நர்சிங் டிப்ளமோ. நர்சுகளைப் பதிவு செய்யும் நர்சிங் கவுன்சிலின் பதிவு எண் போன மாதம்தான் கைக்கு வந்தது. ஊத்துக்குளியிலிருந்து ஈரோட்டுக்கு மூன்று வருடம் ரயிலில் போய் வந்து படித்தேன். சேரும்போது எனக்கு வயது 31, மூத்தவளுக்கு 6, சின்னவனுக்கு 3. அதுவரை பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, தைத்த பீஸில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது. என்னைப் போல யாராவது இப்போது யோசித்துக்கொண்டிருந்தால், நான் இழந்த பணமும் நாட்களும் அவர்களுக்காவது மிச்சமாகட்டும்.

முதலில் பணம் போன கதை. வேலையை விடாமலே நர்சிங் படிக்கலாம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தால் போதும், ஒரே வருடம் என்று சொன்ன ஒரு இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தேன். சீட்டுப் பணம் எடுத்து 28 ஆயிரம் கட்டினேன். ஐந்து மாதம் கழித்து, கம்பெனியில் முதலுதவி அறையைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அக்காவிடம் பெருமையாகச் சொன்னபோது, "அது கவுன்சில்ல ரெஜிஸ்டர் ஆகுமா கண்ணு?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். ஆகாது. பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனால், "நாங்க நர்ஸ்னு சொல்லலைங்க, நர்சிங் அசிஸ்டென்ட்னுதான் போட்டிருக்கோம்" என்று நோட்டீசை எடுத்துக் காட்டினார்கள். பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்தான்.

பதிவு பெற்ற நர்ஸ் ஆவதற்கு ஜி.என்.எம். 3 வருடம், இல்லாவிட்டால் பி.எஸ்சி. 4 வருடம். இரண்டும் முழுநேரப் படிப்பு. ஞாயிறு வகுப்பு, தபால் வழி என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஜி.என்.எம். சேர 35 வயது தாண்டக் கூடாது, பிளஸ் டூவில் ஆங்கிலம் படித்து, 40 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். நர்சிங் பள்ளிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சில் பட்டியலில் நீங்களே பாருங்கள். அட்மிஷன் பிடித்துக் கொடுக்கிற ஆட்களைக் கேட்காதீர்கள்.

அடுத்தது இனிஷியல். கல்யாணமானதும் ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியலுக்கு மாற்றியிருந்தேன். பத்தாவது, பிளஸ் டூ சான்றிதழ்களில் அப்பா இனிஷியல். சேரப் போன நர்சிங் பள்ளி ஆபீசில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே ஆளுன்னு எப்படிம்மா நம்பறது?" என்றார். இடுப்பில் சின்னவன், கையில் பை. அழுகையே வந்துவிட்டது. என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவே இல்லை. நாளைக்கு வா என்பார், போனால் வேறு ஆள் இருப்பார். மூன்று நாள் சம்பளம் இதிலேயே போனது. கடைசியில் ஆதாரையே பழையபடி அப்பா இனிஷியலுக்கு மாற்றினேன். மாற்றப் போன இடத்தில்தான் தெரிந்தது, ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். கல்யாணத்துக்கு ஒன்று, படிப்புக்கு ஒன்று என்று என் கணக்கு தீர்ந்துவிட்டது. படிக்கும் எண்ணம் மனதில் இருக்கிற பெண்கள் கல்யாணமான கையோடு ஆதாரை மாற்றாதீர்கள்.

வேலையை முழுதாக விட முடியவில்லை. ஒன்றரை ஷிப்ட் போய்க்கொண்டிருந்தவள் ஞாயிறு மட்டும் கம்பெனிக்குப் போனேன். மற்ற நாட்களில் மூட்டையாக பீஸ் வாங்கி வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு அம்மாவும் நானும் பிசிறு வெட்டினோம். வீட்டுக்காரர் நிட்டிங்கில் இருக்கிறார். எனக்கு நைட் டூட்டி வரும் வாரம் அவர் பகல் ஷிப்ட் வாங்கிக்கொள்வார். பாடங்களை ரயிலிலேயே படித்தேன். ஆங்கிலம் முதல் ஆறு மாதம் மிரட்டியது, அப்புறம் பழகிவிட்டது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். குளுக்கோஸ் சொட்டுக் கணக்கு நடத்திய அன்று, 500 மில்லி பாட்டில் 8 மணி நேரத்தில் இறங்க நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று மேடம் கேட்டார். மில்லிக்கு 20 சொட்டு விடும் குழாய் செட். வகுப்பில் எல்லாரும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள், பேப்பர் எடுத்தார்கள். பத்தாயிரம் சொட்டு, 480 நிமிடம், 21 என்று நான் உட்கார்ந்த இடத்திலேயே சொன்னேன். பீஸ் ரேட் கணக்கை வருடக்கணக்கில் மனதிலேயே போட்டவளுக்கு அது பெரிதில்லை. அன்றிலிருந்து அந்தப் பிள்ளைகள் கணக்குக்கு என்னிடம்தான் வருவார்கள், "அக்கா" என்று.

இனி அந்த 23 நாள், அதாவது ஆஸ்பத்திரி வார்டில் பயிற்சிக்குப் போகாமல் விட்ட நாட்கள். இரண்டாம் வருடம் மூத்தவளுக்கு அம்மை போட்டது. சின்ன வயதில் போட்டிருந்தால் டூட்டிக்கு வரலாமே என்று, எனக்குப் போட்டதா என வார்டு சிஸ்டர் கேட்டார். "ஆறு வயசுல போட்டுச்சு சாமி, மாரியம்மன் கோயில் தீர்த்தம் வாங்கியாந்து தண்ணி ஊத்துனோம்" என்று அம்மா உறுதியாகச் சொன்னார். ஆனாலும் பிள்ளை உடம்பெல்லாம் கொப்புளத்தோடு, வேப்பிலைமேல் படுத்துக்கொண்டு என் சேலையைப் பிடித்திருக்கும்போது எப்படிப் போவது? ஒன்பது நாள் போகவில்லை. அவளுக்குத் தண்ணி ஊற்றி மூச்சு விடுவதற்குள் சின்னவனுக்குப் போட்டுவிட்டது. ஒருவருக்கு வந்து இரண்டு, மூன்று வாரத்தில் அடுத்தவருக்கு வரும் என்று புத்தகத்தில் படித்ததை வீட்டிலேயே பார்த்தேன். அதில் எட்டு நாள். சளி, காய்ச்சல் என்று உதிரியாக ஆறு.

80 சதவீதம் வருகை இருந்தால் போதும் என்று சீனியர் பிள்ளைகள் சொன்னதை நம்பி நிம்மதியாக இருந்தேன். அது பரீட்சை எழுதுவதற்கு மட்டும். சான்றிதழ் தருவதற்கு முன் வார்டு நாட்கள் நூற்றுக்கு நூறு முடிந்திருக்க வேண்டும். இந்த விதியை ஆபீசில் யாரும் எங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. கடைசிப் பரீட்சை முடிந்து எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த அன்று, என் பெயருக்கு நேராக 26 என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள்.

என் கணக்குப்படி 23 தான். முதல் வருடத்திலிருந்தே டூட்டி முடிந்ததும் தேதி, வார்டு எழுதி ஒரு நாற்பது பக்க நோட்டில் வார்டு சிஸ்டரிடம் கையெழுத்து வாங்கும் பழக்கம் எனக்கு உண்டு. செக்கிங்கில் லாட் கணக்கு எழுதிய பழக்கம் அது. நோட்டை எடுத்துப் போய் மேஜைமேல் விரித்து, விடுபட்ட மூன்று தேதிகளையும் காட்டினேன். முதலில் முடியாது என்ற ஆபீஸ்காரர், கையெழுத்துகளைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அடித்துத் திருத்தினார்.

மீதி 23 நாளையும் பிரசவ வார்டில் நைட் போட்டு முடித்தேன். கூடப் படித்தவர்கள் அதற்குள் வேலையில் சேர்ந்துவிட்டார்கள். சான்றிதழ் வாங்கி, கவுன்சில் பதிவுக்கு விண்ணப்பித்தது ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. பத்தாவது சான்றிதழிலும் ஆதாரிலும் ஒரே இனிஷியல்.