'செவ்வாய் இரவு' என்று மட்டும் எழுதிய கடிதங்கள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்து இங்கிலாந்துக் குடும்பக் கடிதங்களை அட்டவணைப்படுத்தும்போது முதலில் இடறுவது தேதிதான். பலர் மேலே 'செவ்வாய் இரவு' என்று எழுதிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். அதனால் உறையையும் கடிதத்தையும் எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது. அஞ்சல் முத்திரை மங்கிப்போனாலும் தபால்தலை உதவும். உள்நாட்டுக் கடிதக் கட்டணம் 1940 மே 1 அன்று ஒன்றரைப் பென்னியிலிருந்து இரண்டரைப் பென்னியானது. 1941 முதல், மையை மிச்சப்படுத்த அதே தலைகளை வெளிர்நிறத்தில் அச்சிட்டார்கள். வெளிர்நீல இரண்டரைப் பென்னித் தலை இருந்தால் கடிதம் 1941க்கு முந்தியதல்ல. அடர்நீலத்தை வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. கையிருப்பில் இருந்த பழைய தலைகளை மக்கள் பிறகும் ஒட்டினார்கள்.

உறை தொலைந்திருந்தால் சமையலறைச் செய்திகள்தான் துணை. பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி), வெண்ணெய், சர்க்கரைக்குப் பங்கீடு (ரேஷன்) வந்தது 1940 ஜனவரி 8. தேயிலைக்கு அதே ஆண்டு ஜூலை. ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ், சுமார் 57 கிராம். சோப்புக்கு 1942 பிப்ரவரி, மிட்டாய்க்கு அதே ஆண்டு ஜூலை. ரொட்டிக்குப் போர் முடியும்வரை பங்கீடே கிடையாது, 1946 ஜூலையில்தான் வந்தது. ரொட்டிக் கூப்பன் பற்றிப் புலம்பும் கடிதத்தைப் போர்க்காலக் கட்டில் சேர்ப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

'1/10' என்பதைத் தேதியாகவோ பின்னமாகவோ படிப்பது இன்னொரு பிழை. அது ஒரு ஷில்லிங் பத்துப் பென்னி. 1940 மார்ச்சில் இறைச்சிப் பங்கீடு தொடங்கியபோது ஒருவருக்கான வார அளவு அந்தத் தொகைதான். எடைக்கு வரம்பில்லை, விலைக்குத்தான் வரம்பு. மலிவான துண்டு கேட்டால் அதிகம் கிடைக்கும். கசாப்புக் கடைக்காரரைப் பற்றி இந்தக் கடிதங்கள் ஏன் இவ்வளவு பேசுகின்றன என்பது இதில் புரியும்.

துணிப் பங்கீடு 1941 ஜூன் 1 அன்று தொடங்கியது. முதல் ஆண்டுக்கு ஆளுக்கு 66 கூப்பன். பெண்களின் கம்பளி உடைக்கு 11. ஒரு தாய் தன் கூப்பனிலிருந்து மகளுக்கு அப்படி ஓர் உடை வாங்கினால், தன் ஆண்டுத் துணியில் ஆறில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டாள் என்று பொருள். சுருக்கக் குறிப்பில் 'உடை வாங்கிய செய்தி' என்று எழுதி முடித்தால் அவள் செய்தது மறைந்துபோகும். கூப்பன் எண்ணிக்கையையும் கட்டாயம் எழுத வேண்டும்.

கையாளும் முறை எளிது. கையைக் கழுவி நன்றாக உலர்த்தினால் போதும். தடித்த துணிக் கையுறை போட்டால் விரலுக்குத் தொடுவுணர்ச்சி குறைந்து, நொய்ந்த தாள் ஓரத்தில் கிழியும். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காமல், அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகித் தளர்த்தி எடுக்க வேண்டும். எண் இடுவது பென்சிலால் மட்டும். மடித்த தாளில் எழுதியவர்கள் முதல் பக்கத்திலிருந்து மூன்றாவதுக்குத் தாவி, பிறகு இரண்டாவதைக் குறுக்காக நிரப்புவதுண்டு. வாக்கியம் எங்கே தொடர்கிறது என்று பார்த்த பிறகே பக்க எண் போட வேண்டும்.

வெளிநாடு சென்ற கடிதங்களைத் தணிக்கையாளர்கள் பிரித்துப் படித்து, உறையில் சீட்டு ஒட்டி அனுப்பினார்கள். கத்தரித்த இடத்தில் பின்பக்கத்து வரியும் போய்விடும். அந்த இடைவெளியை ஊகித்து நிரப்பாமல், அளவை மட்டும் குறிப்பதே சரி. உள்நாட்டுக் கடிதங்கள் பெரும்பாலும் பிரிக்கப்படவில்லை. ஆகவே எகிப்தில் இருந்த மகனுக்கு 'எல்லாரும் நலம்' என்று எழுதிய அதே கை, லீட்ஸில் இருந்த தங்கைக்குச் சன்னல்கள் நொறுங்கியதைச் சொல்லியிருக்கலாம். இரண்டும் கிடைத்தால், ஒன்றின் அட்டவணை அட்டையில் மற்றதன் எண்ணைத் தவறாமல் எழுதி வைக்க வேண்டும்.