கல்லூரிப் பிள்ளைகளை வார்டுக்குள் விடுவதற்கு முன்

எங்கள் மருத்துவமனையின் முதியோர் வார்டில், கூட இருக்க ஆள் இல்லாத நோயாளிகள் எப்போதும் சிலர் இருப்பார்கள். வேளைக்குச் சோறு ஊட்ட, எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போக, கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்க அவர்களுக்கு ஒரு ஆள் வேண்டும். டியூட்டி சிஸ்டர்களால் எல்லாவற்றையும் பார்க்க முடிவதில்லை. பக்கத்துக் கல்லூரியில் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்ட) மாணவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்தாக வேண்டும். அதை எங்கள் வார்டில் செய்யட்டுமே என்று பேச்சு வந்தபோது, பயிற்சிப் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இதே வேலையில் இறங்கப்போகிற சிஸ்டர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் இடறியது தடுப்பூசி. ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைடிஸ் பி-யைத் தடுக்கும் ஊசி மூன்று டோஸ்: முதல் டோஸ், ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. சின்ன வயதில் போட்ட அட்டை பலரிடம் இல்லை. ஜூனில் கல்லூரி திறந்ததும் ஆரம்பித்தால்கூட முடிய டிசம்பர் ஆகிவிடும். அதுவரை அவர்களைச் சும்மா வைக்காமல் வகுப்பு எடுத்தோம், ஓ.பி. வாசலில் வழிகாட்ட நிறுத்தினோம். பெற்றோர் கையெழுத்து, கல்லூரிக் கடிதமெல்லாம் சீக்கிரமே வந்துவிட்டன.

வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு ஊசி போடவும் பிபி பார்க்கவும் கற்றுக்கொள்ளத்தான் ஆசை. நான் செய்யக் கூடாதவற்றிலிருந்துதான் தொடங்கினேன். மாத்திரை எடுத்துக் கொடுக்கக் கூடாது. டிரிப்ஸைத் தொடக் கூடாது. ஆக்சிஜனைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. யாரையும் தனியாகக் கட்டிலிலிருந்து இறக்கக் கூடாது. கீழே கிடக்கும் ஊசியை எடுக்கக் கூடாது. தப்பித்தவறி குத்திவிட்டால் பிழியாமல், வாயில் வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அந்த நிமிடமே சொல்ல வேண்டும். ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. திட்டுவார்களோ என்று மறைத்தால் அந்த நேரம் கைவிட்டுப் போய்விடும்.

இதையெல்லாம் ஒப்பிக்கச் சொன்னால் ஒப்பித்துவிடுவார்கள். கஷ்டம் எதிரில் ஆள் இருக்கும்போதுதான். அதனால் நானே கட்டிலில் படுத்துக்கொண்டேன். பக்கவாதம் வந்த பாட்டி நான். தலைமாட்டில் ‘வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது’ என்று அட்டை தொங்குகிறது. “கண்ணு, நாக்கு வறளுது, ஒரு வாய் தண்ணி குடுய்யா” என்றேன். அட்டையைப் படித்துவிட்டு வந்த பையன்தான், இருந்தும் கை டம்ளருக்குப் போனது. பெரியவர்கள் தண்ணீர் கேட்டால் இல்லையென்று சொல்லி வளர்ந்த பிள்ளைகள் இல்லை நம் பிள்ளைகள். விழுங்கும் தசை தளர்ந்தவருக்குத் தண்ணீர் கஞ்சியைவிட வேகமாக ஓடி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், அது நிமோனியாவில் கொண்டுபோய்விடும் என்று விளக்கிவிட்டு மறுபடி படுத்தேன். “பாட்டி, எனக்குத் தெரியல, சிஸ்டரைக் கேட்டுட்டு இதோ வர்றேன்” என்பது தயங்காமல் வாயில் வரும்வரை ஒவ்வொருவரையும் செய்ய வைத்தேன். என்னைக் கேட்டால், அந்த ஒரு வாக்கியம் வராத மாணவரை வார்டுக்குள் விடவே கூடாது.

ஊட்டுவதற்கு ரவைக் கஞ்சி காய்ச்சி, ஒருவருக்கு ஒருவர் ஊட்ட வைத்தோம். நேராக உட்கார வைத்து, மோவாயைச் சற்றுத் தாழ்த்தி, அரை ஸ்பூன். தொண்டை ஒரு முறை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த ஸ்பூன். முடித்ததும் அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது. வேகமாக ஊட்டிய தோழியை ஒரு பெண் கையைப் பிடித்து நிறுத்தினாள். வாய் நிறைய இருக்கும்போது அடுத்த ஸ்பூன் வந்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்தக் கஞ்சி புரியவைத்தது.

கை கழுவ சோப்பு என்றால் 40 முதல் 60 விநாடி, தண்ணீர் இல்லாமல் தேய்க்கும் ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 விநாடி. கடிகாரம் வைத்துப் பழக்கினோம். வீல்சேரில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் பிரேக் போட்டு, கால் வைக்கும் பலகையை மடக்கிவிட வேண்டும்.

இன்னொன்று, வாய் காப்பது. “பக்கத்துப் பெட்காரருக்கு என்ன வியாதி தம்பி?” என்று உறவினர்கள் பாசமாகத்தான் கேட்பார்கள். அதற்கும் நடித்துப் பழகினோம். வார்டில் போன் எடுக்க அனுமதியில்லை.

உள்ளே வந்த முதல் வாரங்களில் இரண்டு இரண்டு பேராகத்தான் அனுப்பினோம். ஊட்டுதல், வீல்சேர், படுக்கை விரித்தல் என்று ஒவ்வொன்றையும் சிஸ்டர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அந்த வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் கால் மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம். நேற்று ஊட்டிய தாத்தா இரவில் இறந்திருந்தால், அதை மாணவர் காலிக் கட்டிலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. வாசலிலேயே நாங்கள் சொல்லிவிடுவோம். அன்றைக்கு வேண்டாம் என்றால் வீட்டுக்குப் போகலாம், கேள்வி கிடையாது.

இதற்கெல்லாம் வேறு வேலை இல்லாத ஒரு சிஸ்டர் வேண்டும். மருந்து கொடுத்துக்கொண்டே மாணவர்களையும் பார்த்துக்கொள் என்றால் அதற்குப் பெயர் மேற்பார்வை இல்லை. நிர்வாகத்திடம் கேட்டு, மாணவர்கள் இருக்கும் நேரத்துக்கு ஒருவரைத் தனியாக ஒதுக்கி வாங்கினேன். ஆள் ஒதுக்க முடியாத ஷிஃப்ட் என்றால் கல்லூரிக்குப் போன் செய்து, இன்று அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம்.