பழைய திங்க்பேடில் பேட்டரி நேரத்தைக் கூட்டிய அனுபவம்

என்னிடம் இருப்பது திங்க்பேட் எக்ஸ்250 என்ற லேப்டாப். 2015-இல் வந்த மாடல், பன்னிரண்டரை அங்குலத் திரை. சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. கீபோர்டு அருமை, பையில் போட்டால் கனமே தெரியாது. ஆனால் சார்ஜரைப் பிடுங்கினால் இரண்டரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பேட்டரியை மாற்று என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதற்கு முன்னால் கரண்ட் எங்கே போகிறது என்று பார்த்துவிட நினைத்தேன்.

இந்த மாடலில் இரண்டு பேட்டரி. ஒன்று உள்ளேயே இருக்கும், இன்னொன்றை வெளியிலிருந்து கழற்றி மாட்டலாம். நான் பயன்படுத்துவது டெபியன் என்ற லினக்ஸ். அதில் டிஎல்பி என்ற மின்சிக்கன மென்பொருளைப் போட்டு, அதோடு வரும் டிஎல்பி-ஸ்டாட் கட்டளையை ஓடவிட்டேன். புதிதில் எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டையும் அது காட்டும். புதிதில் ஒவ்வொன்றும் சுமார் 23 வாட்-மணி, அதாவது ஒரு வாட் வீதம் இழுத்தால் 23 மணி நேரம் தாங்கும் அளவு. இப்போது உள்ளே இருப்பது 17, வெளியே இருப்பது 14. ஆக மொத்தம் 31. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் பவர்சிஎஃப்ஜி கட்டளையில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் இதே கணக்கு கிடைக்கும்.

அடுத்து பவர்டாப், மின்செலவை அளக்கும் மென்பொருள். சார்ஜர் இல்லாமல் ஓடும்போது, இந்த நொடி எத்தனை வாட் இழுக்கிறது என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடும். ஃபயர்பாக்ஸில் யூடியூப் ஓட, திரை வெளிச்சம் முழுசாக இருக்க, அது காட்டியது 13 வாட். 31-ஐ 13-ஆல் வகுத்தால் இரண்டரை மணிக்கும் குறைவு. கணக்கு அப்படியே பொருந்தியது. வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்கினேன், மூன்று வாட் போல உடனே இறங்கியது. வீட்டுக்குள் உட்கார்ந்து வேலை செய்ய அந்த வெளிச்சம் தாராளம்.

வீடியோதான் உண்மையான திருடன். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் மேல் ரைட் கிளிக் செய்து விவரத்தைத் திறந்தால், எந்த கோடெக்கில், அதாவது வீடியோவைச் சுருக்கி அனுப்பும் எந்த முறையில், வருகிறது என்று தெரியும். எனக்கு விபி9. இன்டெலின் ஏழாம் தலைமுறைச் சிப்பில்தான் விபி9-ஐ முழுமையாக வன்பொருளிலேயே, அதாவது சிப்பில் அதற்கென்றே உள்ள பகுதியிலேயே, பிரித்துப் படமாக்கும் வசதி வந்தது. என்னுடையது ஐந்தாம் தலைமுறை. அதனால் அந்த வேலை முழுவதும் சிபியு தலையில் விழுகிறது, விசிறியும் சுற்ற ஆரம்பிக்கிறது. ஆனால் எச்.264 என்ற இன்னொரு கோடெக் என்றால் இந்தச் சிப்பே அலட்டாமல் பார்த்துக்கொள்ளும். யூடியூபை எச்.264-இலேயே அனுப்ப வைக்கும் பிரவுசர் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) ஒன்று இருக்கிறது, எச்264இஃபை. அதைச் சேர்த்தேன். சிப்பின் வீடியோ வசதியைப் பயன்படுத்த உதவும் இன்டெல் மீடியா டிரைவரும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன், அது இல்லாவிட்டால் சிப்பில் வசதி இருந்தும் பயனில்லை. அதே வீடியோ, குறைத்த வெளிச்சத்தில், ஏழு வாட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. விசிறிச் சத்தமும் அடங்கிவிட்டது. எச்.264-இல் 1080பி தரத்துக்கு மேல் யூடியூப் தராது. இந்தச் சின்னத் திரைக்கு அதற்கு மேல் எதற்கு?

மற்றதை டிஎல்பி தானாகவே கவனிக்கிறது. ஒன்று மட்டும் முக்கியம்: இதே வேலையைச் செய்யும் பவர்-புரொஃபைல்ஸ்-டீமன் என்ற மென்பொருள் ஏற்கெனவே இருந்தால் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், சேர்ந்து ஓடினால் ஒன்றின் அமைப்பை இன்னொன்று மாற்றிக்கொண்டே இருக்கும். பவர்டாப்பில் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சரிசெய்யும் ஆட்டோ-ட்யூனும் உண்டு. அது யுஎஸ்பி மவுஸைக்கூடத் தூங்க வைத்துவிடும், தொட்டால் ஒரு கணம் தாமதித்துத்தான் நகரும். டிஎல்பி மவுஸையும் கீபோர்டையும் விட்டுவிடும் என்பதால் எனக்கு அதுவே போதும்.

இப்போது டைப் செய்வது, பிடிஎஃப் படிப்பது என்றால் ஆறு வாட்டைத் தாண்டுவதில்லை. அதே பழைய பேட்டரிகளில் ஐந்து மணி நேரம் ஓடுகிறது. அப்புறம்தான் வெளிப் பேட்டரிக்குப் பதிலாக 48 வாட்-மணி உள்ள ஆறு செல் பேட்டரி வாங்கினேன். அது கீழே கொஞ்சம் துருத்திக்கொண்டு லேப்டாப்பைப் பின்பக்கம் தூக்கி நிறுத்தும், எனக்கு டைப் செய்ய அது வசதிதான். கம்பெனி பேட்டரி இல்லாமல் வேறு ஏதாவது வாங்கினால், மாட்டியவுடன் கொள்ளளவையும் எத்தனை முறை சார்ஜ் ஆகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். அட்டையில் அச்சடித்ததை மட்டும் நம்ப வேண்டாம். பழைய வெளிப் பேட்டரியையும் பையில் வைத்திருக்கிறேன். உள் பேட்டரி தாங்கிப் பிடிப்பதால் லேப்டாப்பை அணைக்காமலே மாற்றிக்கொள்ள முடிகிறது.

புதியதும் சீக்கிரம் தேயாமல் இருக்க, 75 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் சார்ஜ் ஏற வேண்டும், 80-இல் நிற்க வேண்டும் என்று டிஎல்பியில் வரம்பு வைத்திருக்கிறேன். லித்தியம் பேட்டரி முழுச் சார்ஜிலேயே, அதுவும் சூட்டில், கிடந்தால்தான் வேகமாகக் கெடும். நாள் முழுக்க சார்ஜரில் மாட்டியே வேலை செய்பவர்களுக்கு இந்த வரம்பு ரொம்ப முக்கியம். ஊருக்குக் கிளம்பும் முன் டிஎல்பி ஃபுல்சார்ஜ் கட்டளை கொடுத்தால் அந்த ஒரு முறை மட்டும் நூறு வரை ஏற்றிக்கொள்ளலாம்.

உள் பேட்டரியை இன்னும் மாற்றவில்லை. மாற்றும்போது முதலில் பயாஸில் (லேப்டாப்பை ஆன் செய்தவுடன் திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) போய் அதை முடக்கிவிட்டு, வெளிப் பேட்டரியையும் கழற்றிய பிறகுதான் அடிமூடியைத் திறக்க வேண்டும். உள்ளே பேட்டரி வீங்கி டச்பேட் பக்கம் மேடு தட்டினாலோ அடிமூடி உப்பினாலோ மட்டும் நாள் கடத்தாதீர்கள், அன்றைக்கே சார்ஜ் போடுவதை நிறுத்திவிடுங்கள்.